முழு மார்க் வாங்கிய படம்

ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக்குக்கு 'முக்கால்' என்று பெயர் வந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம். படமோ, பாட்டோ, புத்தகமோ, எதுவானாலும் ஒன்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். கால் போடுவார், அரை போடுவார், மனசு இளகினால் முக்கால். அதற்கு மேல் அவர் கை போனதே இல்லை. இணையத்தில் அவர் எழுதிவந்த பக்கத்தின் பெயரும் அதுவேதான். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒரு படத்தை, 'இடைவேளையில் விற்ற காபி சூடாக இருந்தது' என்று ஒரே வரியில் முடித்தவர் அவர். தேர்தல் வந்தால் கட்சி அறிக்கைகளுக்கும் மார்க் உண்டு. அங்கே காலைத் தாண்டியவர் யாரும் இல்லை.

ஆபீஸ் ஆபீஸாகப் போய் மிஷின் பார்க்கிற வேலை. உள்ளே சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டே நிதி அமைச்சர் பேச்சில் எங்கே ஓட்டை என்று விளக்குவார். மிஷின் ஓட ஆரம்பித்த பிறகும் பேச்சு நிற்காது. சில ஆபீஸ்களில் அதற்காகவே டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். சில ஆபீஸ்களில் அதற்காகவே வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவி ஜன்னல் திரை தைப்பவள். தெருவுக்கு அவள் கர்ட்டன் அக்கா. வீட்டு முன்னறையில் பாதியைத் துணி உருளைகளும் நீள மேஜையும் பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் தையல் மிஷின். பகலெல்லாம் கனத்த துணியோடு மல்லுக்கட்டிவிட்டு அவரோடு சினிமாவுக்குப் போனால், விளக்கு அணைந்ததும் அவள் கண்ணும் அணைந்துவிடும். வெளியே வரும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். "நல்லாத்தானே இருந்துச்சு," என்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். "இவளுக்குச் சினிமாங்கிறது ஏசி போட்ட படுக்கை. இவகிட்ட மட்டும் கருத்து கேட்டுடாதீங்க." அவளும் சேர்ந்து சிரிப்பாள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் இரண்டே பேர். ஒருவர் பேசுவார், ஒருத்தி தைப்பாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஒரு வங்கியில் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியது. மை தெறித்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைக் கழுவிவிட்டு வேலையை முடித்தார். மறுநாள் பாதிக் கண்ணை அது மூடிவிட்டது. விழித்திரை கழன்றுவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது முக்கால் சொன்னார்: "நீ தைக்கிறதும் திரை, நான் பாக்கிறதும் திரை. இப்ப கழண்டதும் திரை. பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். கையைக் குடுங்க," என்றாள். அவர் கை சில்லிட்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் தலை எப்போதும் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் முகம் தரையைப் பார்த்தபடிதான். மற்றக் கண்ணும் பலவீனமாக இருந்ததால் டிவி, போன், புத்தகம் எதுவும் கூடாது. "முக்கியமா பிரஷர் ஏறக் கூடாது. கோபப்படுற விஷயமே காதுல விழ வேண்டாம்," என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த மனுஷன் காலையில் எழுந்திருப்பதே கோபப்படத்தானே.

வீட்டுக்கு வந்ததும் சோபாவுக்காக வாங்கி வைத்திருந்த ஸ்பாஞ்சை வெட்டி, நடுவில் முகம் பதிகிற அளவுக்கு ஓட்டை விட்டு, மெத்தென்ற பருத்தித் துணியில் உறை தைத்துக் கட்டிலின் தலைமாட்டில் பொருத்தினாள். அவர் குப்புறப் படுத்தால் அந்த ஓட்டை வழியாகத் தரை தெரியும். தரையைத் தவிர அவர் பார்த்ததெல்லாம் அவளுடைய பாதங்களைத்தான்.

முதலில் சில நாள் பழைய ஆளாகத்தான் இருந்தார். கட்டிலுக்கு அரை மார்க் கொடுத்தார். ஆபரேஷன் தியேட்டரில் போட்ட பாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். புதுப் படம் ஒன்றை டிவியில் ஓடவிட்டுக் காதால் மட்டும் கேட்டுப் பார்த்தார். "வசனத்தை மட்டும் கேக்கிறது, குக்கர் சத்தத்தைக் கேட்டே வயிறு ரொம்புற மாதிரி இருக்கு. நிறுத்து," என்றார். அப்புறம் பேச்சு குறைந்தது. பிறகு, கேட்டால் 'ம்' என்பதோடு சரி. வழக்கமாக எழுதுகிற நாள் வந்தது. எழுதாமலே போனது.

ஒரு மத்தியானம் டீயை உறிஞ்சுகுழலோடு கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைக்கக் குனிந்தவள், அவர் முகத்துக்கு நேர்கீழே தரையில் ஈரம் இருப்பதைப் பார்த்தாள். சொட்டு மருந்து என்றுதான் முதலில் நினைத்தாள். மருந்து விடுகிற நேரம் இன்னும் வரவில்லை. கையிலிருந்த துணியால் தரையைத் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க. அந்த லாரி டிரைவர் படம் வந்திருக்காமே. நான் போய்ப் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டுமா?"

"நீயா? நீ தூங்கிடுவ."

"தூங்க மாட்டேன்."

"டைட்டில் முடியறதுக்குள்ள தூங்கிடுவ."

"தூங்கினா, தூங்கினேன்னு வந்து சொல்றேன். நீங்க சொல்லச் சொல்ல நானே டைப் பண்றேன். எழுதுங்க."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு அம்மாவை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுக் காலைக் காட்சிக்குப் போனாள். தனியாகச் சினிமாவுக்குப் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் சாய்ந்துகொள்ளத் தோள் இல்லாததாலோ என்னவோ, தூக்கம் கிட்டேயே வரவில்லை. கண்ணை இமைக்காமல் பார்த்தாள். பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு லாரியோடு போய்விட்ட ஒருவன் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். மனைவி கதவருகில் நின்று நீளமாகப் பேசுகிறாள். பேசி முடித்துக் கதவைச் சாத்துகிறாள். அவன் மழையில் லாரிக்குள் போய் உட்கார்ந்து அங்கேயே செத்துப்போகிறான். வயலின் அழுகிறது, மனைவி ஓடிவந்து மாரில் அடித்துக்கொள்கிறாள், தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. கர்ட்டன் அக்காவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. எதற்காக இவனை இப்போது சாகடிக்கிறார்கள்? இவன் செத்தால் அவள் செய்ததெல்லாம் தப்பு என்று ஆகிவிடாதா? பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்பு.

வந்து கை கால் கழுவிக்கொண்டு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். லாரி என்ன கலர்? அந்தப் பையன் அப்பாவைப் பார்த்ததும் என்ன செய்தான்? கேட்க ஆரம்பித்ததே அவளுக்குத் தெம்பாக இருந்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். மனைவி கதவைச் சாத்துகிற இடமும் வந்தது. அடுத்து அவன் சாக வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். குப்புறக் கிடந்தவரின் பிடரியில் வெட்டாத முடி சட்டைக் காலருக்கு மேல் சுருண்டிருந்தது. அந்த ஆளிடம் சாவைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம், அவன் வெளியிலயே இருக்கான். விடிஞ்சு அவ கதவைத் திறக்கிறா. ஒரு வார்த்தை பேசல. உள்ள போயிடறா. கதவு மட்டும் திறந்தே கிடக்கு."

"ம்."

"அவன் மெதுவா உள்ள வரான். என்ன செய்யறதுன்னு தெரியல. சமையல்கட்டுல பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. போய் ஒவ்வொண்ணா எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறான்."

"அவ?"

"அவ அவ வேலையைப் பாக்கிறா."

"பின்னணி இசை?"

"இல்ல. குழாய்த் தண்ணி சத்தம் மட்டும்தான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான். அவன் தேய்ச்சுக்கிட்டே இருக்கான். படம் முடிஞ்சிருச்சு."

கண்டுபிடித்துவிட்டாரோ என்று அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர், "போனை எடு. டைப் பண்ணு," என்றார்.

குப்புறப் படுத்தபடியே சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையே வராமல் மன்னிப்பைக் காட்ட முடியும் என்று இந்த டைரக்டருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வயலினைக் கையில் எடுக்காததற்காக இசையமைப்பாளரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்றார். கடைசியில், "ஒன்று. முழுசா ஒண்ணு போடு," என்றார். அவள் விரல் போன் மேலேயே நின்றது. இப்போது சொன்னால்கூடச் சரியாகிவிடும். ஆனால் இத்தனை நாளாகச் செத்துக்கிடந்த குரல் இப்போதுதானே எழுந்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்று என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் துடிக்க ஆரம்பித்தது. 'அண்ணே, எந்த தியேட்டர்ல பாத்தீங்க?' 'கடைசி அரை மணி நேரம் முக்கால் வேற தியேட்டருக்குள்ள நுழைஞ்சிட்டார் போல.' 'ஆபரேஷன் கண்ணுக்கா, மண்டைக்கா?'

"என்ன சொல்றாங்க? படி," என்றார்.

"அருமைன்னு சொல்றாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் பிடிச்சிருச்சுன்னா நான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன்," என்றார். ஆனால் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஒரு தடவை பொய் சொல்லி ருசி கண்ட நாக்கு அடங்குமா? அவர் கேட்டுக்கொண்ட ஒரு தடித்த நாவலைப் படித்துக் காட்டினாள். பனிமலை வர்ணனை பக்கம் பக்கமாக வந்தபோது அப்படியே தாண்டினாள். ஆசிரியரின் சொற்சிக்கனத்தை அவர் புகழ்ந்தார். பாட்டு விஷயத்தில் மட்டும் அவள் கை வைக்க முடியவில்லை. அது அவர் காதிலேயே விழுந்தது, கால் மார்க்குக்கு மேல் போகவும் இல்லை. பேப்பர் படிக்கும்போதுதான் பெரிய சங்கடம். கட்டி முடித்த கையோடு இடிந்து விழுந்த பாலத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், 'பாலம் என்றால் விழத்தான் செய்யும்' என்கிற மாதிரி அமைச்சர் ஏதோ சொல்லியிருந்தார். இதைப் படித்தால் பிரஷர் கூரையைத் தொடும். டாக்டர் முகம் கண்முன் வந்தது. மென்று முழுங்கிவிட்டு, "மந்திரி மன்னிப்புக் கேட்டிருக்காருங்க," என்றாள்.

"யாரு?"

"பாலத்து மந்திரிதான். தப்பு எங்க மேலதான்னு சொல்லியிருக்காரு."

"நிஜமாவா?" குப்புறக் கிடந்தவரின் தோள் லேசாகத் தளர்ந்தது. "பரவாயில்லையே. நான் படுத்துக் கிடக்கிற நேரம் பாத்து நாடு திருந்துது."

அந்த வாரமே மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு வந்தார். முக்காலின் பழைய சிநேகிதர். முக்கால் எழுதுகிற எதையும் மறுத்து எழுதுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. நட்பு அப்படித்தான் வளர்ந்தது. முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் மல்லாக்கப் படுத்தார். கர்ட்டன் அக்கா முன்னறையில் தைத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

"என்னதான் சொல்லு, அந்த மந்திரியை நான் பாராட்டுறேன்," என்றார் முக்கால்.

"எந்த மந்திரி?"

"பாலத்து மந்திரிதான். மன்னிப்புக் கேட்டாரே."

"மன்னிப்பா? எந்த நாட்டுல?"

தையல் மிஷின் நின்றுவிட்டது. அந்த அமைதியில் மருந்துக்கடைக்காரர் தொடர்ந்தார். "ஆமா, உனக்கு என்னதான் ஆச்சு? படத்துல அந்த டிரைவர் செத்தே போறான், நீ என்னமோ பாத்திரம் தேய்க்கிறான்னு எழுதியிருக்க. உடம்பு சரியில்லாத ஆளாச்சேன்னு நானே உன்னைத் திட்டாம விட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு எல்லாம் உறைத்தது. கட்டிலுக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கடை திறந்து கிடக்கிறது என்று எதையோ முணுமுணுத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் போய்க் கட்டில் அருகில் நின்றாள். அவர் கண்ணுக்குத் தன் பாதம் தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"பேரே போச்சு," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆமாங்க."

"இத்தனை வருஷத்துல ஒரே ஒரு படத்துக்கு முழு மார்க் போட்டேன்."

"ஆமா."

"என்னென்ன எழுதியிருக்காங்களோ எல்லாத்தையும் படி. ஒண்ணைக்கூட விடாம."

உட்கார்ந்து படித்தாள். ஒவ்வொன்றையும் படித்தாள். மண்டைக்கா ஆபரேஷன் என்ற வரியில் அவள் தயங்கினாள். அவருக்கோ அங்கேதான் சிரிப்பு வந்தது. தலை ஆடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"ஏன் மாத்தின?"

"அவன் சாகிறதை உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"சரி. ஆஸ்பத்திரியில வச்சுப் பிழைக்க வச்சிருக்கலாம். பாத்திரம் எங்கேருந்து வந்துச்சு?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அது நம்ம வீட்டுல நடந்ததுதானே."

"நம்ம வீட்டுலயா?"

"பாப்பா கைக்குழந்தையா இருக்கிறப்ப. எலெக்‌ஷன் விஷயமா மேனேஜரோட சண்டை போட்டு வேலையை விட்டுட்டு வந்தீங்க. கருத்து சோறு போடுமான்னு நான் கேட்டேன். கோவிச்சுக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டீங்க."

தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஒரு நாள் வந்து நின்னீங்க. நான் கதவைத் திறந்தேன். என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல, உள்ள வந்துட்டேன். நீங்க நேராப் போய்ப் பாத்திரத்தைத் தேய்ச்சீங்க. பால் புட்டியைக்கூட விடல. எல்லாம் முடிஞ்சப்புறமும் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு."

அவர் சொன்னார். "குழாயை வேணும்னுதான் திறந்து விட்டிருந்தேன். நான் அழறது உனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"கேட்டுச்சு," என்றாள்.

அவர் கையைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டார். அவள் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கை சூடாக இருந்தது.

சாயங்காலம் போனை எடுக்கச் சொன்னார். 'நான் முழு மார்க் போட்ட படத்தை நான் பார்க்கவில்லை,' என்று ஆரம்பித்தார். 'என் மனைவி பார்த்தாள். அதன் முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வேறு முடிவு சொன்னாள். தியேட்டரில் நீங்கள் பார்த்ததற்கு மார்க் போட எனக்கு உரிமை இல்லை. என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவள் சொன்ன படத்துக்குப் போட்ட மார்க்கை மட்டும் நான் குறைக்கப் போவதில்லை.'

"இதெல்லாம் எதுக்குங்க? வெக்கமா இருக்கு," என்றாள்.

"சொன்னதை அப்படியே போடு. நீ மாத்தினா எனக்குத் தெரியவும் போறதில்ல, அதான் பயமா இருக்கு."

ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டாள். அதற்கும் ஆளாளுக்கு ஏதோ எழுதினார்கள். பாதிப் பேர் நம்பவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் வழக்கத்துக்கு மாறாக, 'மறுப்பதற்கு ஒன்றும் இல்லை' என்று எழுதினார். யாரோ ஒரு பெண், பாத்திரம் தேய்த்து முடித்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தாள். கர்ட்டன் அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பதில் எழுதாமல் வைத்தாள்.

அதன் பிறகு ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலில் படத்தை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும், செத்தால் செத்தான் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவளுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் சொல்லலாம். பேப்பரில் மட்டும் கை வைக்கவே கூடாது. "மந்திரியை நீ திருத்த முடியாதும்மா, விட்டுடு," என்றார். ஒரு ஹோட்டலின் ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைக்க வேண்டிய வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆனாலும் அவள் போனாள், பார்த்தாள், வந்து சொன்னாள். சில படங்களை மாற்ற அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "சரியாத்தான் எடுத்திருக்காங்க," என்பாள். சிலவற்றில் முதல் காட்சியிலேயே கை வைப்பாள். அவர் சண்டை போடுவார். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எதிர்வீட்டு அம்மா, இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று இவர்கள் மகளிடம் போனில் சொன்னாளாம்.

டாக்டர் தலையை நிமிர்த்தலாம் என்று சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கழுத்து மரத்துப்போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். இடது கண்ணில் குமிழி முழுதாகக் கரையவில்லை, பாதிக்குக் கீழே தண்ணீர் ஆடுவது போல இருந்தது.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"மங்கலாத் தெரியுது. கொஞ்சம் கிட்ட வா."

கிட்டப் போனாள்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றாள். இத்தனை நாள் பாதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அவள் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கையை நீட்டி, காதோரம் முடியில் ஒட்டியிருந்த ஒரு நூல் துணுக்கை எடுத்தார்.